ஒரு நுனி மாமியின் கையில்

மாமி யாருக்கு எதைக் கொடுத்தாலும் ஒரு நுனியை விடமாட்டார். புடவை, போர்வை, அரிசிப் பை, மூக்குக்கண்ணாடிக் கூடு, எதுவானாலும் சரி. வாங்குகிறவர் ஒரு பக்கம் பிடித்திருப்பார், மாமி மறுபக்கம். வாங்குகிறவர் மெல்ல இழுத்துப் பார்ப்பார். வராது. நிமிர்ந்து மாமியின் முகத்தைப் பார்ப்பார். மாமி சிரித்துக்கொண்டே நிற்பார். பக்கத்தில் ஃபோட்டோக்காரர் காத்திருப்பார். அதற்குப் பிறகுதான் வாங்குகிறவருக்கு விஷயம் புரியும். "ரொம்ப நன்றிம்மா" என்பார். உடனே நுனி விடுபடும்.

முணுமுணுத்தால் செல்லாது. "கேக்கலை. வாயைத் திறந்து முழுசா சொல்லு" என்பார் மாமி. மலையாளிகளிடம் அதையே மலையாளத்தில் கேட்பார். "கை விடறதுக்கு முன்னாடி வாய் திறக்கணும், கேட்டியா ஜெசி" என்று எனக்கு வாரம் ஒருமுறையாவது உபதேசம் நடக்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வாங்குகிறவனுக்குத்தான் பழமொழி உண்டு. எங்கள் கிளப்பில் மாட்டைக் கொடுத்தவரே வாங்கினவனின் பல்லைப் பிடித்துப் பார்த்தார்.

கிளப் என்று நான் சொல்வது உலகம் முழுக்கக் கிளை பரப்பிய ஒரு சேவைச் சங்கம். திருவனந்தபுரத்துப் பெண்கள் கிளைக்கு மாமிதான் தலைவர். விதிப்படி வருஷாவருஷம் தலைவர் மாறவேண்டும். மாறினார்கள், பெயர்ப்பலகையில் மட்டும். வலியசாலையில் மாமி வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், ஒரு இரும்பு பீரோ, சுவர் நிறைய வெளிநாட்டுக் கிளைகளின் குட்டிக் கொடிகள். தொண்ணூறுகளில் ஒன்பது வருஷம் நான் அங்கே டைப்பிஸ்ட். பாறசாலையிலிருந்து பஸ்ஸில் வந்து தம்பானூரில் இறங்கி நடப்பேன். வேலை கிடைத்த அன்று நியமனக் கடிதத்தின் ஒரு நுனி மாமியின் கையில் இருந்தது. நான் உரக்கவே சொன்னேன். பக்கவாதத்தில் படுத்த அப்பாவை வீட்டில் வைத்துக்கொண்டு எனக்கென்ன ரோஷம்.

ஒருமுறை நெய்யாற்றின்கரைப் பக்கம் தையல் மெஷின் கொடுக்கப் போனோம். வாங்க வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மெஷின் மேல் கை வைத்தாள். மாமியும் மறுபக்கம் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் மாமியையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "செரி" என்றாள். அவ்வளவுதான். அது திமிரா, வெட்கமா, கூட்டத்தைப் பார்த்த மிரட்சியா, எனக்கு இன்றுவரை தெரியாது. மாமி அரை நிமிஷம் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு மெஷினைத் திரும்ப வேனில் ஏற்றச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணின் அம்மா, "தாங்ஸு, தாங்ஸு" என்று கத்திக்கொண்டே வேனுக்குப் பின்னால் ரோடு திரும்பும்வரை ஓடிவந்தாள். மாமி காரில் உட்கார்ந்து நேந்திரங்காய் உப்பேரிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். "அகம்பாவம் பிடிச்சவளுக்குத் தையல் மெஷின் எதுக்காக்கும்?" என்றார். நானும் உப்பேரியைத் தின்றேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவர் வேஷக்காரி என்று நினைத்தால் தப்பு. அவர் செய்த நல்லது கொஞ்சநஞ்சமல்ல, அதுதான் எனக்கு எரிச்சல். சீழ் வடியும் காலைக் கையுறை இல்லாமல் கழுவுவார். அநாதைப் பிணத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்து காகிதம் வாங்குவார். அந்தப் பிணம் நன்றி சொல்லாதே மாமி என்று எனக்கு நாக்கு நுனி வரை வரும். அடக்கிக்கொள்வேன்.

உள்ளறையில் மாமா கிடந்தார். ஓய்வுபெற்ற என்ஜினீயர். இடுப்பு ஒடிந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு நீட்டுகிற தண்ணீர் டம்ளரிலும் மாமியின் விரல் ஒட்டிக்கொண்டிருக்கும். "என்ன சொல்லணும்?" மாமா, "தேங்க்ஸ்" என்பார். டம்ளர் அவர் கைக்குப் போகும். நாளுக்கு நாள் மாமா தண்ணீர் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. "தண்ணியே குடிக்க மாட்டேங்கறார் டாக்டர், சொல்லிச் சொல்லி என் வாய் போச்சு" என்று மாமி டாக்டரிடம் அங்கலாய்ப்பார். அது உண்மையான கவலை. ஒருநாள் மாமி வெளியே போயிருந்தபோது நான் டம்ளரைக் கொடுத்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்தேன். மாமா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அன்று மடமடவென்று மூன்று டம்ளர் குடித்தார்.

எங்கிருந்து வந்தது இந்தப் புத்தி என்று ஒரே ஒருமுறைதான் எனக்கு ஒரு துப்பு கிடைத்தது. கொடிகளை மடித்துக்கொண்டிருந்தபோது மாமி தானாகவே சொன்னார்: "நான் எட்டு வருஷம் தர்மத்துக்குப் படிச்சவளாக்கும். வெள்ளிக்கிழமை தோறும் அசெம்பிளியில முன்னால வந்து நின்னு, ஃபீஸ் கட்டினவா பேரைச் சொல்லித் தேங்க்ஸ் சொல்லணும். மத்த பசங்கள் எல்லாம் பாத்துண்டிருக்கும். சொன்னேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என் பதிலுக்காகக் காத்திருந்தது போலத்தான் இருந்தது. நான் கொடியை மடித்தேன்.

இனி தங்கையாவுக்கு வருகிறேன். அவர் கதையைச் சொல்லாமல் மாமியைச் சொல்லி முடியாது.

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் ஃபாக்டரித் தொழிலாளி. நாற்பது வயது. தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துவாரம், அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. சொல்ல வேண்டியதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவார். மாமி அவருக்காக வெளிநாட்டுக் கிளை ஒன்றுக்கு எழுதினார். எழுதியது மாமி, டைப் அடித்தது நான். மூன்று மாதத்தில் ஒரு கருவி வந்து இறங்கியது. பார்வைக்கு டார்ச் லைட் மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் சொல் சத்தமாக வரும். வண்டு ரீங்கரிக்கிற மாதிரி ஒரே ராகத்தில் இருக்கும், ஆனால் பேச்சு பேச்சுதான்.

கருவி வந்து பத்தாம் நாள், அதைக் கொடுக்கும் விழாவுக்கு நாள் குறிப்பதற்குள், இன்னொரு கடிதம் வந்தது. எங்கள் சங்கத்தின் சர்வதேச மாநாடு வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் கூடும். அதில் சிறந்த சேவை என்று தேர்ந்தெடுத்த சில கிளைகளுக்கு மேடையில் ஐந்து நிமிஷம் தருவார்கள். பயனாளியையும் கூட்டிக்கொண்டு போகலாம். அந்த வருஷம் சிங்கப்பூரில் மாநாடு, எங்கள் கிளைக்கு ஐந்து நிமிஷம். மாமி மூன்று மாநாடுகளுக்குப் பார்வையாளராகப் போய் நாற்காலி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தவர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு கருவியைப் பெட்டியோடு எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். மாநாட்டுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

தங்கையா நோட்டில் எழுதியதை நான்தான் மாமிக்குப் படித்துக் காட்டினேன். "அம்மாவுக்குக் கண் தெரியாது. ஆஸ்பத்திரியிலே நான் செத்துட்டேன், வேற யாரையோ கொண்டுவந்து வச்சிருக்காங்கன்னு நெனைக்கிறா. முகத்தைத் தடவிப் பார்த்துட்டு இது எம் மவன் இல்லங்கிறா. எம் மவன்னா ஏன் பேசலன்னு கேக்கிறா. குரல் வேறயா இருந்தாலும் வார்த்தை என்னோடதுதான, ரெண்டு வார்த்தை பேசினா கண்டுபிடிச்சிருவா. ஒரு நாள் கொடுங்க. மறுநாளே கொண்டாந்துருவேன்."

மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மலையில மழையும் மஞ்சுமா கெடக்கு. ஈரம் பட்டுக் கேடு வந்துடுத்துன்னா கன்வென்ஷன்ல நான் எதைக் காட்டறது? நாலு மாசம்தானே தங்கையா. சாரமில்லை, பரவாயில்லைன்னு பொறுத்துக்கோ. அப்புறம் ஆயுசு பூரா நோக்குத்தான்."

அவர் படியிறங்கிப் போனபிறகு மாமி உண்மையான காரணத்தைச் சொன்னார். "இப்பவே ஆத்துல பேசிப் பழகிட்டான்னா அந்த நடுக்கம் போயிடும்டீ. மேடையில புதுசா வாய் திறந்தாத்தான் பாக்கறவா கண்ணு நனையும். மனசிலாச்சோ?" எனக்கு நன்றாகவே மனசிலாயிற்று.

சனிக்கிழமைதோறும் பத்து நிமிஷம் ஒத்திகை. மலையிலிருந்து நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஆங்கிலத்தில் "தேங்க் யூ" என்று சொல்லிப் பழகிவிட்டு, நான்கு மணி நேரம் திரும்பிப் போவார். ஒவ்வொரு முறையும் கருவியைக் கொடுக்கும்போது மாமி வழக்கம்போல நுனியைப் பிடித்துக்கொள்வார். பேசுகிற கருவியைக் கொடுப்பதற்கு முன்னால் பேசச் சொன்னால் அந்த மனிதர் என்ன செய்வார்? அதற்கும் மாமியிடம் சட்டம் இருந்தது. "சத்தம் வராட்டா சாரமில்லை. உதடு அசையட்டும்." தங்கையா உதட்டை அசைப்பார். மாமி கையை விடுவார்.

மூன்றாம் மாதம் ஒரு புதன்கிழமை மாமி செக்ரடேரியட்டுக்குப் போயிருந்தார். தங்கையா திடுமென்று வந்து நின்றார். நனைந்திருந்தார். நோட்டை நீட்டினார். "அம்மாவுக்குக் கஞ்சி எறங்கலை. மாமி இல்லைன்னா நீங்க கொடுங்க."

நான் எழுந்தேன். சாவியை பீரோவில் போட்டேன். பாதி திருப்பினேன். அந்தப் பாதியில் என் அப்பாவின் மருந்துச் சீட்டு ஞாபகம் வந்தது, தையல் மெஷின் வேனில் ஏறியது ஞாபகம் வந்தது.

"மாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தாரேன் அண்ணே. நாளைக்கு வாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, எழுதவில்லை. நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் மாமியிடம் கேட்டேன். "சாவியை இங்க கொண்டா" என்றார். கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டார். கேட்டதற்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

இரண்டு சனிக்கிழமை அவர் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மொட்டைத் தலையோடு வந்தார். மாமி வாசலிலேயே நின்றுவிட்டார். "ஐயய்யோ" என்றார். எனக்கு ஒரு நொடி மனசு இளகியது. "பாஸ்போர்ட் ஃபோட்டோவுல முடியோட இருக்கானே! ஏர்போர்ட்ல தடுத்துட்டான்னா?" என்றார் அடுத்தபடி. பிறகுதான், "எப்போ போனா? பத்து முடிஞ்சுதோன்னோ?" என்று கேட்டார். தங்கையா தலையை ஆட்டினார். மாமி கருவியை எடுத்தார், ஒரு நுனியைப் பிடித்தார், உதடு அசைந்தது, ஒத்திகை நடந்தது. போகும்போது அவர் எனக்கு மட்டும் நோட்டைக் காட்டினார். "கடைசி வரைக்கும் யாருன்னு கேட்டா."

சிங்கப்பூருக்கு மாமி, தங்கையா, நான் மூன்று பேரும் போனோம். மேடையில் அவர் தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லவேண்டும், நான் அதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும், கடைசியில் அவரே "தேங்க் யூ" சொல்லவேண்டும். அதுதான் ஏற்பாடு. மண்டபம் அவ்வளவு பெரிது, கடைசி வரிசை கண்ணுக்குத் தெரியவில்லை. நாடு நாடாகக் கொடி பிடித்து ஊர்வலம் வந்தார்கள். கொடியும் பேட்ஜும் மாற்றிக்கொள்வது அங்கே ஒரு மரியாதை. மாமி சரிகைக் கரை போட்ட கசவு முண்டில் ஐம்பது பேட்ஜ் குத்திக்கொண்டு சுற்றினார். ஒரு கிளைத்தலைவர் தம் கொடியை நீட்டினார், மாமி எங்கள் கொடியை நீட்டினார். பழக்கதோஷம், நுனியை விடவில்லை. அவர் தம் நாட்டு வழக்கப்படி குனிந்து வணங்கினார். மாமி விடவில்லை. இன்னும் குனிந்தார். மூன்றாம் முறை நான்தான் மாமியின் முழங்கையைத் தட்டினேன். பாவம், அந்த மனிதர் இதை இந்திய மரியாதை என்று நினைத்துக்கொண்டு தம் கொடியின் நுனியையும் பிடித்துக்கொண்டார்.

மேடை ஏறுவதற்கு முன்னால் மாமி தங்கையாவின் கழுத்தைப் பார்த்தார். "அந்தக் கர்ச்சீப்பை எடுத்துடு. ஓட்டை தெரியட்டும்."

எடுத்தார். விளக்கில் நின்றார். மாமி கருவியை நீட்டினார். கூட்டம் பார்க்க, ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தங்கையாவின் உதடு அசைந்தது. மாமி விட்டார். தங்கையா கருவியைத் தாடைக்குக் கீழே வைத்தார்.

"நாலு மாசம் இது பீரோவுல கெடந்துச்சு" என்றது அந்த வண்டுக் குரல். நிறுத்தினார். "எங்கம்மா நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டே செத்துப்போச்சு."

பிறகு கருவியைக் கீழே இறக்கிவிட்டார். "தேங்க் யூ" வரவில்லை. முன்வரிசையில் அதற்குள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமி என் பக்கம் திரும்பினார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. தமிழ் தெரிந்தவர் அல்லவா? "சொல்லு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

மைக் என் கையில் இருந்தது. நான் நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்: "என் மறைந்த தாயின் சார்பிலும் உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்கிறேன் என்கிறார்."

மண்டபம் எழுந்து நின்றது. கைதட்டல் ஓயவே இல்லை. என் ஆங்கிலத்தில் 'தேங்க் யூ' கேட்ட தங்கையா என்னைப் பார்த்தார். எந்தத் தோட்டத் தொழிலாளிக்கும் தேங்க் யூ என்ற ஆங்கிலம் தெரியும், அவருக்கு மாமி நான்கு மாதம் கற்றுக்கொடுத்தே இருந்தார்.

பக்கவாட்டுக் கதவருகே துடைப்பக் கோலோடு ஒரு துப்புரவுப் பெண் நின்றிருந்தாள். நம் ஊர் முகம். நான் கடந்து போகும்போது, "அவரு அப்படிச் சொல்லலியே அக்கா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் காதில் விழாதது போலப் போய்விட்டேன்.

மாமி ஓய்வறையில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். "என்னென்னமோ சொல்லிட்டான் கடங்காரன். நீ இல்லேன்னா என் மானமே போயிருக்கும். தேங்க்ஸ்டீ ஜெசி." ஒன்பது வருஷத்தில் மாமி யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அதையும் எனக்கே சொன்னார். அன்று என் மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

மாமி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. கடைசிவரை தங்கையாவை நன்றி கெட்டவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பியதும் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி ஒரு பாராட்டு விழா வைத்து, அதில் மறுபடியும் மேடையில் கருவியைக் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். தங்கையாவுக்கு மூன்று கடிதம் போட்டோம். அவர் மலையை விட்டு இறங்கவே இல்லை. கருவி அந்தப் பெட்டியிலேயே கிடந்தது. அது எப்படித் திரும்ப பீரோவுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விமானம் இறங்கிய காலையில் மாமி வீட்டுக் காரில் ஏறிக்கொண்டார். கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார்: "அவனைத் தம்பானூர்ல பஸ் ஏத்திவிட்டுட்டு அதை வாங்கிண்டு வந்துடு. விழாவுல நான் கொடுக்கணுமோன்னோ?"

தங்கையாவை ஆட்டோவில் தம்பானூருக்குக் கூட்டிவந்தேன். போனக்காட்டு பஸ் தயாராக நின்றது. நான் எப்படி ஆரம்பிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோது அவரே சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார்.

"மாமி கேட்டாங்களா?"

"விழா முடிஞ்சதும் ஒங்களுக்கே தந்துருவாங்க அண்ணே."

"இனி என்ன அவசரம்" என்றார்.

கருவியை நீட்டினார். நான் பிடித்தேன். கைக்கு வரவில்லை. மெல்ல இழுத்துப் பார்த்தேன். மறுநுனி அவர் விரல்களில் இறுகி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தனை ஆயிரம் பேர் முன்னால் அவர் சொல்லாத நன்றியைத் தடங்கலில்லாமல் சொன்னவள் நான். இப்போது என் சொந்த வாயால் சொல்ல ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அது நன்றி இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்டக்டர் மணியடித்தார்.

தங்கையா என் உதட்டைப் பார்த்தார். பிறகு கையை விட்டார். மாமியின் சட்டப்படி அது போதும்.

பஸ் போய்விட்டது. நான் நடந்தே வலியசாலைக்கு வந்தேன். மாமி குளித்து, நெற்றியில் குங்குமத்தோடு வாசலில் நின்றிருந்தார். "கொண்டு வந்தயா?" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். ஒரு நுனியை நான் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.